அண்ணனை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

வணக்கம் சகோதரி. உங்களைப் பெண் பார்க்க வரும் நாளில், மனச்சிதைவு நோய் உள்ள அண்ணனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்ப அம்மா நினைக்கிறார், அதைக் கேட்டதிலிருந்து அண்ணன் மாத்திரையே வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது.

என் தம்பிக்கும் இதே நோய்தான். விருந்தாளி வந்தால் நாங்களும் அவனை மாடி அறையில் இருக்கச் சொல்வோம். ஒரு நாள், "நான் இருக்கிறதே உங்களுக்கு அசிங்கமா அக்கா?" என்று கேட்டான். காதில் கேட்கும் குரல்களைவிட அந்த அவமானம்தான் அவனை அதிகம் வதைத்திருக்கிறது. மாத்திரையைப் பார்த்தாலே அந்த அறைதான் ஞாபகம் வருமாம்.

அன்றைக்கு வீட்டில் இருக்க விருப்பமா என்று அண்ணனிடமே கேளுங்கள். கூட்டம் தாங்காது என்று அவரே விலகினால் சரி, நாம் ஒளித்துவைப்பது வேறு. மாப்பிள்ளை வீட்டாரிடம் நிச்சயத்துக்கு முன்பே, அண்ணன் சம்மதத்தோடு அவர் நோயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு விலகுகிறவர்கள் இப்போதே விலகட்டும்.

மாத்திரை விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். அவர் வர மறுத்தால் நீங்களாவது இந்த வாரமே டாக்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய்க்கான தொண்டு நிறுவனம் அண்ணா நகரில் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் நடுராத்திரியிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அப்புறம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இது வளர்ப்பில் வந்த குறை இல்லை என்பதை டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். என் அம்மா அதைக் கேட்ட அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதார்.