தோற்றவர் மட்டும் கேட்கும் சீட்டு

அன்புள்ள மாஷுக்கு,

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து, வாக்குப்பதிவு இயந்திரங்கள் யாருக்கு வாக்கு விழுந்தது என்று அச்சிடும் ஒப்புகைச் சீட்டுகளை நூறு விழுக்காடும் எண்ண வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் தொடங்கியிருக்கிறோம். நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் கட்சி தோற்றதை எங்களால் நம்ப முடியவில்லை. பிறகு வந்த பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டில் நாங்களே வென்றோம். மக்கள் எங்கள் பக்கம் என்பதற்கு அதுவே சான்று. ப்ளூடூத் வழியாக வாக்கை மாற்றலாம் என்கிறார்கள். ஜெர்மனியே இயந்திரத்தைக் கைவிட்டுவிட்டது. இதையெல்லாம் ஒரு பக்கத் துண்டறிக்கைக்குள் எப்படி எழுதுவது என்று சொல்வீர்களா? நீங்களும் கையெழுத்திடுவீர்களா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பறவூர் வழக்கைப் பற்றித்தான் திரும்பவும் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தப் பதில் சற்று நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். துண்டறிக்கையில் என்ன எழுதலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடலாம். ப்ளூடூத் கதைக்கு மூலம் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத்தும் அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மனும் வேறு சிலரும் சேர்ந்து ஓர் இயந்திரத்தைத் திறந்து, எண்களைக் காட்டும் பலகையைக் கழற்றிவிட்டு, தாங்களே செய்த போலிப் பலகையை அதன் இடத்தில் பொருத்திக் காட்டினார்கள். கைபேசியிலிருந்து போன கட்டளை அந்தப் போலிப் பலகைக்குத்தான் போனது. திறக்காத இயந்திரத்துக்குத் தெருவில் நின்றபடி யாரும் கட்டளை அனுப்பவில்லை. இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டு மேடையேறினால் எதிராளி உங்களை ஒரே நிமிடத்தில் மடக்கிவிடுவார். ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009-இல் சொன்னது நல்ல சொல்: தேர்தலின் முக்கியமான படிகளைத் தனி நிபுணத்துவம் இல்லாத குடிமகனும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆனால் அங்கே இருந்த இயந்திரத்தில் காகிதமே இல்லை. நம்மிடம் காகிதம் இருக்கிறது, எண்ணாமல் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள்.

இனி பறவூர். இந்தியாவில் வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகத் தேர்தலுக்கு வந்தது நம் கேரளத்தில்தான். 1982 மே மாதம் எர்ணாகுளம் மாவட்டத்துப் பறவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அதை வைத்தார்கள். இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரம் கூடாது என்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றத்துக்குப் போனார், நீதிமன்றம் தலையிடவில்லை. எண்ணி முடித்தபோது 123 வாக்கு வித்தியாசத்தில் அவரே வென்றிருந்தார். அத்தோடு ஐயம் இடம் மாறியது. காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். சட்டம் வாக்குச்சீட்டைத்தான் சொல்கிறது, இயந்திரத்தைச் சொல்லவில்லை என்ற அடிப்படையில் 1984-இல் தீர்ப்பு வந்தது. அந்த 50 சாவடிகளிலும் காகிதத்தில் மறுவாக்குப்பதிவு நடந்து ஜோஸ் வென்றார். இயந்திரம் சரியாக எண்ணியதா என்ற கேள்வி அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது, ஏனென்றால் எடுத்து எண்ணிப் பார்க்க அதில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது தீர்ப்பு அன்று. ஐயம் கைமாறிய வேகம்தான். அது நின்றபாடில்லை. 2009-இல் தோற்றபோது இயந்திரத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பியவர் அத்வானி. இன்று அவருடைய கட்சி இயந்திரத்தின் காவலனாக நிற்கிறது. தமிழ் பேசுவோரும் வாழும் எல்லைத் தொகுதியான குப்பத்தின் உறுப்பினர் சந்திரபாபு நாயுடு, 21 கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு, பாதிச் சாவடிகளின் சீட்டுகளையாவது எண்ண வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அந்தத் தேர்தலில் அவரை வீழ்த்திய ஜெகன்மோகன் ரெட்டி, 2024-இல் தாம் தோற்றதும் காகித வாக்குச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றார். வென்றவர் அருகில் இந்தக் கோரிக்கை ஒரு நாள்கூடத் தங்குவதில்லை.

நீங்கள் மட்டும் என்ன செய்திருக்கிறீர்கள்? தாள் அச்சிட்டு, ஏழு நொடி கண்ணில் காட்டி, பெட்டிக்குள் வெட்டிப் போடுகிற இயந்திரத்தை நம்ப மாட்டேன் என்கிறீர்கள். நம் பஞ்சாயத்துத் தேர்தலில் வாக்குகளைப் பதிந்து வைக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியோடு கிராமம், பிளாக், மாவட்டம் என்று மூன்று வாக்குப்பதிவுக் கருவிகளை இணைத்து வைக்கிறார்களே, அதில் சீட்டே கிடையாது. அச்சும் இல்லை, கண்ணாடியும் இல்லை, பெட்டியும் இல்லை. அதில் வென்ற உங்கள் வார்டை மக்கள் தீர்ப்புக்குச் சான்றாக எனக்கே எழுதி அனுப்புகிறீர்கள்! எல்லையிலுள்ள வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தலை இன்னும் காகிதத்தில் நடத்துகிறார்கள். வார்டு உறுப்பினருக்கு ஒரு நிறம், தலைவருக்கு ஒரு நிறம், ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் வேறு நிறங்கள் என்று பிரித்து வைத்து, நள்ளிரவு தாண்டியும் கையால் எண்ணுகிறார்கள். அந்தப் பக்கம் பெண் கொடுத்து இந்தப் பக்கம் பெண் எடுக்கும் நம் வீடுகளில் இந்த வேறுபாட்டை யாரும் ஒரு பேச்சாகவே எடுத்ததில்லை. உங்கள் கையெழுத்துத் தாளிலும் இதற்கு ஒரு வரி இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, இது இயந்திரத்தின் மீதான ஐயம் அன்று, முடிவின் மீதான ஆத்திரம். ஆத்திரம் தவறில்லை, அதற்குச் சீட்டைச் சாட்சிக்கு அழைப்பதுதான் தவறு.

நான் ஆசிரியப் பணியில் இருந்தவரை தேர்தல் பணியும் தப்பியதில்லை. சாவடித் தலைமை அலுவலருக்குத் தேர்தல் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். கட்சி முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகளைப் பதிந்து, முடிவைக் காட்டி, பிறகு அதைக் கருவியிலிருந்து அழிக்க வேண்டும். பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து, பின்பக்கத்தில் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். முந்தின இரவு பள்ளிக்கூடப் பெஞ்சில் கொசுக்கடியோடு படுத்து எழுந்தவர், வெளியே வரிசை நீளும் அந்த நேரத்தில், அழிக்கும் பொத்தானை மறந்துவிட்டால் என்ன ஆகும்? ஆகியிருக்கிறது. 2019-இல் ஆந்திரத்தின் மைதுகூரு தொகுதியில் ஒரு சாவடியில் சீட்டுக் கணக்கும் கருவிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. மாதிரி வாக்குகளை அழிக்காமல் விட்டதே காரணம் என்று தெரிந்தது. நான்கு கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகளை எண்ணியதில் அந்த ஒன்றுதான் பொருந்தவில்லை என்று தேர்தல் ஆணையம் நீதிமன்றத்தில் பெருமையாகச் சொன்னது. பெருமை இருக்கட்டும். எண்ணியதால் அல்லவா அது தெரிந்தது? சதிகாரனைப் பிடிக்க மட்டும் அல்ல, தூக்கம் கெட்ட ஒரு வாத்தியாரின் கைப்பிழையைப் பிடிக்கவும்தான் சீட்டு இருக்கிறது. உங்கள் இயக்கத்தில் இந்த இரண்டாவது ஆளுக்கு இடமே இல்லை.

ஒப்புகைச் சீட்டு வந்த புதிதில், வாக்களித்துவிட்டுத் திரும்பிய ஒரு மூதாட்டி என் மேசை முன் நின்று கையை நீட்டினார். "பஸ்ல ஏறுனா டிக்கெட் கையில குடுக்கறாங்க, ஓட்டுப் போட்டாக் குடுக்க மாட்டீங்களா சார்?" முகவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டு வீட்டுக்குப் போனால், பணம் கொடுத்தவன் மாலையில் வாசலுக்கு வந்து அதைக் காட்டச் சொல்வான் என்று விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப பெட்டியில போட்டதை ஆராச்சும் எண்ணுவாங்கல்ல?" என்றார். அது வேறு ஓர் ஊரில் வேறு ஒருவர் முடிவு செய்வது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகள் என்பதே இன்றைய கணக்கு. முன்பு ஒன்றாக இருந்ததை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. சாவடி எண் எழுதிய அட்டைகளைக் குலுக்கி எடுத்து, வங்கிக் காசாளர் அறையைப் போலக் கம்பி வலை அடித்த ஒரு கூண்டுக்குள் சீட்டுகளை வேட்பாளர் வாரியாகப் பிரித்து, 25 சீட்டுகளை ஒரு கட்டாகக் கட்டி எண்ணுவார்கள். கருவியும் சீட்டும் முரண்பட்டால் சீட்டின் கணக்கே செல்லும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் 200 சாவடிகள் உள்ள ஒரு தொகுதியில் 4 கருவிகள் மட்டும் பிழையாக இருந்தால், குலுக்கி எடுத்த ஐந்தில் அவற்றில் ஒன்றுகூடச் சிக்காமல் போவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு உண்டு. 50,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றவரை அந்த நான்கு கருவிகள் புரட்டிவிடாது. அவரைப் புரட்ட ஏராளமான கருவிகள் கெட்டிருக்க வேண்டும், அப்போது ஐந்தே எடுத்தாலும் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். 123 வாக்கில் வென்றவரைப் புரட்டுவதற்கோ ஒரே கருவி போதும். ஆகவே எல்லாத் தொகுதிக்கும் ஐந்து என்பதைப் போலவே, எல்லாத் தொகுதிக்கும் நூறு விழுக்காடு என்பதும் யோசிக்காமல் சொன்ன எண்ணே. வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சாவடிகள் கூட வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் பிலிப் ஸ்டார்க் இதைக் கணித முறையாக வகுத்துக் கொடுத்தார். அமெரிக்காவின் கொலராடோ 2017 முதல் மாநிலம் முழுவதும் அந்த வழியில் தணிக்கை செய்கிறது. உங்கள் நூறு விழுக்காட்டுக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று நிராகரித்துவிட்டது. அதே கதவை அதே கையால் தட்டுவதை விட்டுவிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ற எண்ணிக்கையைக் கேளுங்கள். எண்ண நாளாகும் என்ற மறுப்பு அதற்குப் பெரிதாகப் பொருந்தாது, ஏனென்றால் முழுதாக எண்ண வேண்டிய நெருக்கமான தொகுதிகள் எந்தத் தேர்தலிலும் சிலவாகத்தான் இருக்கும்.

துண்டறிக்கையையும் கையெழுத்தையும் கேட்டிருந்தீர்கள். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் வித்தியாசத்துக்கு ஏற்பச் சீட்டுகளை எண்ண வேண்டும் என்று ஒரு வரியும், பஞ்சாயத்துத் தேர்தல் இயந்திரத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வேண்டும் என்று இன்னொரு வரியும் எழுதி அனுப்புங்கள்; அன்றே போட்டுத் தருகிறேன். ஆனால் என்னிடம் வருமுன் அந்தத் தாளை உங்கள் வார்டில் வென்ற உறுப்பினரிடம் கொண்டு போங்கள். அவர் முதல் கையெழுத்தைப் போடட்டும், இரண்டாவது என்னுடையது.