தவணையை நிறுத்திவிட்டு நியாயம் கேட்காதீர்கள்

கேள்வி: ஐயா, நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில். பதினான்கு மாதத்துக்கு முன் 78,000 ரிங்கிட்டுக்குப் புதுக் காடி எடுத்தேன், ஒன்பது வருட லோன். மூன்றாவது மாதத்திலேயே கியர் உதற ஆரம்பித்தது, ஓடும்போதே இஞ்சின் நின்றுவிடுகிறது. ஆறு தடவை சர்வீஸ் செண்டருக்குப் போயாயிற்று. போன மாதம் பினாங்குப் பாலத்தின் நடுவில், மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்கும்போது நின்றது. விற்ற பையன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். மேனேஜர் சிரிக்கிறார். இப்போது கியர்பாக்ஸை மாற்றித் தருகிறோம், வாரண்டியை இரண்டு வருடம் நீட்டுகிறோம், 3,000 ரிங்கிட் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு முழுப் பணமும் வேண்டும். இந்த மாதத்திலிருந்து பேங்குக்குத் தவணை கட்டப்போவதில்லை. கேஸ் போட்டால் ஜெயிப்பேனா?

பதில்: மேனேஜர் சிரித்ததற்கும் அந்தப் பையன் பிளாக் செய்ததற்கும் சட்டத்தில் இடமில்லை, விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் நான் தேடியது ஒரே ஒரு வரி, அது இல்லை. ‘இந்தக் காடி எனக்கு வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று காரணத்தோடு எழுத்தில் எப்போதாவது சொன்னீர்களா?

சொல்லவில்லை என்றுதான் தெரிகிறது. உங்கள் வழக்கின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. பழுதான பொருளை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ வழிசெய்யும் லெமன் சட்டம், சிங்கப்பூரில் இருப்பது போல, மலேசியாவில் நம்மிடம் தனியாக இல்லை. கையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32ஆவது பிரிவு. நடுப்பாலத்தில் நிற்கும் காடி அந்தத் தரத்தில் இல்லை என்று வாதாடுவது கஷ்டமில்லை. விற்பனைப் பத்திரத்தில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் இந்த உரிமையை அது பறிக்காது. ஆனால் பொருளை நிராகரிக்கும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது கைவிட்டுப் போகும் என்று 43ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் காலம் எவ்வளவு என்பதில் எவ்வளவு ஓட்டினீர்கள் என்பதும் கணக்கில் வரும். ஒவ்வொரு தடவையும் ரிப்பேர் செய்து வாங்கி, கையெழுத்துப் போட்டு, மறுநாள் வேலைக்கு ஓட்டிப் போயிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மீட்டரைத்தான் முதலில் காட்டுவார். பொறுமையாக இருந்தது உங்கள் நல்ல குணம், சரி. வழக்கில் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இனி தவணை விஷயம். இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

சாலைவரி உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் லோன் முடியும்வரை காடியின் சொந்தக்காரர் பேங்க். கியர்பாக்ஸ் எப்படி இருந்தாலும் உங்கள் ஒப்பந்தப்படி மாதாமாதம் பணம் வர வேண்டும், அவ்வளவுதான். 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் (ஹையர் பர்ச்சேஸ்) சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், காடியைத் திரும்ப எடுக்கப்போகிறோம் என்ற நான்காம் அட்டவணை நோட்டீஸ் வரும். அதற்கு 21 நாள் அவகாசம். அப்புறம் காடியை இழுத்துக்கொண்டு போவார்கள். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால்தான் அவர்களுக்கு நீதிமன்ற உத்தரவு தேவை. ஒன்பது வருட லோனில் பதினான்கு மாதம் கட்டியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

என்னிடம் வந்த பிறை ஊர்க்காரர் ஒருவர், கோபத்தில் காடியை ஷோரூம் வாசலில் நிறுத்தி, சாவியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, மனைவியின் மோட்டாரில் வீட்டுக்குப் போய்விட்டார். தவணையையும் நிறுத்தினார். திருப்பிக் கொடுத்துவிட்டதாகத்தான் அவர் நினைப்பு. ஷோரூம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பேங்க் அங்கிருந்தே காடியை இழுத்து லெலோங்கில் விட்டது. ஏலத்தில் என்ன விலை போகும் என்று உங்களுக்குத் தெரியும். மீதிப் பணத்துக்கு வந்த கோரிக்கைக் கடிதத்தோடுதான் அவர் என் மேசைக்கு வந்தார். காடி வேறொருவர் கையில், பழுதை நிரூபிக்கச் சான்றில்லை, பேங்குகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவில் பெயர் கெட்டுவிட்டது, அடுத்த காடிக்கு லோன் கிடைக்கவில்லை. அவர் பக்கம் இருந்த நியாயம் உங்களுடையதைவிட வலுவானது. தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம். இதே கதையோடு வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை. ஆகவே எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் கட்டுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கட்டணம் ஐந்து ரிங்கிட், வக்கீலுக்கு அங்கே இடமில்லை, நல்ல இடம்தான். ஆனால் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். 78,000க்கு அங்கே போனால் மிச்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், பிறகு அதற்குத் தனியாக வழக்குப் போட முடியாது. நீதிமன்றம் என்றால் சுயேச்சையான பொறியாளர் அறிக்கை, வக்கீல் செலவு, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு. இத்தனைக்கும் நடுவில் அதே காடியில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அதனால் நேராகச் சொல்கிறேன்: பேசி முடியுங்கள். கியர்பாக்ஸையே மாற்றித் தருகிறேன் என்பது சின்ன விஷயமில்லை. மறுத்தால், ‘சரிசெய்ய வாய்ப்புக் கேட்டோம், தரவில்லை’ என்று அவர்கள் பேச வழி கிடைக்கும். ஆனால் அவர்கள் நீட்டும் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். கியர்பாக்ஸ் புதிதா, பழையதைப் பிரித்துச் சேர்த்ததா என்று எழுதி வாங்குங்கள். வாரண்டி மாற்றிய தேதியிலிருந்து ஓட வேண்டும். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற வாசகம் அதில் கட்டாயம் இருக்கும். அதே பழுது ஆறு மாதத்துக்குள் திரும்பினால் அந்த வாசகம் செல்லாது, காடியை நிராகரிக்கும் உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் அவர்களுக்கே அந்தக் கியர்பாக்ஸில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். 3,000 ரிங்கிட் குறைவு. இழுவை வண்டிச் செலவு, கிராப் கட்டணம், சம்பளம் பிடித்த நாள்கள், எல்லாவற்றுக்கும் ரசீது போட்டுக் கூட்டிக் கேளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. ஆறு தடவைக்கும் சர்வீஸ் செண்டர் தந்த ஜாப் ஷீட்டை, அதாவது வேலைக் குறிப்புத் தாளை, எடுத்துப் பாருங்கள். ‘சோதித்தோம், பழுது ஏதும் இல்லை’ என்று எழுதியிருந்தால், அதில் உங்கள் கையெழுத்து இருந்தாலும், பாலத்தில் நின்ற சம்பவத்தைத் தேதியோடு சேர்த்து, இன்னும் பழுது தீரவில்லை, எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பேஸ்புக்கில் எழுதாதீர்கள், அவதூறு வழக்கைத் தாங்கும் நிலையில் நீங்கள் இல்லை. வெளிப் பட்டறையில் பிரிக்கவும் விடாதீர்கள், வாரண்டி போய்விடும்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனால் ஒன்றைக் கவனியுங்கள். நடுவர் மன்றத்துக்கு மூன்று வருடம்தான் கெடு. பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக அது நிற்காது. சாவி வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.