வாழை என்று அடித்தால் வாழை வரணும்: பிரெய்ல் நோட்டேக்கர் கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் (காகிதத்தில் பிரெய்ல் புள்ளி குத்தும் சட்டமும் ஊசியும்) பிடித்துப் படித்தவள் நான். இப்போது புதுச்சேரியில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் மொழிபெயர்ப்பு வேலை. பதினோரு வருடமாக 32 செல் நோட்டேக்கர்தான் என் பேனாவும் டைரியும்: பிரெய்லில் அடித்து, ஒரே வரியில் எழும்பும் புள்ளிகளைத் தடவிப் படிக்கவும் குரலில் கேட்கவும் உதவும் சின்னக் கணினி அது; செல் என்பது அந்தப் புள்ளிகள் எழும்பும் ஒரு கட்டம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு என் கை பழகிய அளவில் பதில் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை, கல்லூரி மாணவி: அக்கா, எனக்கு இரண்டாம் மொழி பிரெஞ்சு. ஒரே நோட்டில் தமிழ் விளக்கமும் பிரெஞ்சு வாக்கியமும் ஆங்கிலக் குறிப்பும் எழுதுகிறேன். மறுநாள் திறந்தால் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. என் தவறா, மெஷின் தவறா?

உன் தவறு இல்லம்மா. 1, 2, 3, 5, 6 ஆகிய எண்ணுள்ள புள்ளிகள் எழும்பிய (1-2-3-5-6) ஒரே செல்லை எடுத்துக்கொள். தமிழில் அது ழ. ஆங்கிலச் சுருக்க பிரெய்லில் 'ஆஃப்' (of) என்ற முழுச்சொல். பிரெஞ்சில் மேலே சாய்கோடு போட்ட 'அ' (à). விரலுக்கு மூன்றும் ஒன்றுதான். எந்த மொழி என்பது நம் மனசுக்குத் தெரியும், நோட்டேக்கரில் நாம் எழுதும் ஆப்பான எடிட்டருக்குத் தெரியாது. 'வாழை' என்று நாலு செல் அடித்துவிட்டு ஆங்கில டேபிளில் (எந்தச் செல் எந்த எழுத்து என்ற பட்டியலில்) படித்துப் பார்: வி, ஆர், ஆஃப், எஸ்டி (v, ar, of, st) என்று வரும்.

பிஆர்எஃப் (BRF) என்ற பிரெய்ல் கோப்பாகச் சேமித்தால் இன்னும் மோசம். அதில் புள்ளிகள் மட்டுமே இருக்கும், மொழி பற்றிய தகவலே இருக்காது. ஒருமுறை கூட்டக் குறிப்பைத் தமிழில் அடித்து, அவசரத்தில் பிஆர்எஃப்பாகவே மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். அவர் கணினியில் ஒவ்வொரு ழ-வும் ஒரு திறப்பு அடைப்புக்குறியாக நின்றது. பக்கம் முழுக்கச் சாய்கோடும் அடைப்புக்குறியும்தான். இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது இது: மூன்று மொழிக்கும் தனித்தனி புரொஃபைல் (அமைப்புத் தொகுப்பு) வைத்து, மாற்றும் குறுக்குவிசையைக் கை தன்னால் போகும் வரை பழகு. நோட்டை வேர்டின் டாக்ஸ் (docx) கோப்பாகச் சேமி. மொழி மாறும் இடத்தில் புது வரி தொடங்கு. ஆனால் இதெல்லாம் நம் முதுகில் ஏற்றிய சுமை. வேர்ட் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்த மொழி என்று குறித்துவைக்க ஏற்கெனவே இடம் இருக்கிறது. நோட்டேக்கரின் எடிட்டர் நாம் அடிக்கும்போதே அதைக் குறித்துக்கொண்டு, படிக்கும்போது தானாக டேபிளை மாற்றினால் போதும். நான் கேட்கும் திருத்தங்களில் முதலாவது இதுதான்.

பண்ருட்டி, தந்தை: மகள் ஆறாம் வகுப்பு. கடன் வாங்கியாவது நோட்டேக்கர் வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். சரியா அம்மா?

ஐயா, கடன் வாங்காதீர்கள். முழு நோட்டேக்கர் விலை லட்சங்களில் போகிறது. ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு முதலில் ஸ்லேட்டிலும், பிரெய்லர் என்ற பிரெய்ல் தட்டச்சு மெஷினிலும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வரட்டும். காகிதத்தில் ஒரு பக்கம் முழுவதையும் தடவிப் பார்க்கிற பழக்கம் ஒற்றை வரி மெஷினில் வராது. பத்தி எங்கே முடிகிறது, கணக்கில் எந்த எண் எதற்குக் கீழே நிற்கிறது என்பதெல்லாம் காகிதத்தில்தான் விரலுக்குப் பிடிபடும்.

அடுத்த படியாக, ஆர்பிட் ரீடர் 20 போன்ற 20 செல் கருவி. எஸ்டி கார்டில் புத்தகம் போட்டுப் படிக்கலாம், சின்ன எடிட்டரும் உண்டு, போனோடு இணைக்கலாம். ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கில் 2022 முதல் பிரெய்ல் டிஸ்ப்ளே வசதி உள்ளேயே வருகிறது. மகள் கல்லூரிக்குப் போகும்போது நோட்டேக்கர் பற்றி யோசியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தைத் தொடுங்கள்.

தேவனாம்பட்டினம்: வீடு கடற்கரையை ஒட்டி. சில புள்ளிகள் எழும்புவதே இல்லை.

மெஷினில் செல்லுக்கு எட்டாக, 32 செல்லில் 256 ஊசிகள். உப்புக் காற்றும் வியர்வையும் துளைகளில் படிந்துவிடும். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். வேலை முடிந்ததும் உறையில் வையுங்கள். மெஷினை நீங்களே திறக்காதீர்கள், சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், பள்ளி ஆசிரியர்: மதிப்பெண் பட்டியலை எக்செல்லில் திறந்தால், எண் வருகிறது, அது எந்தப் பாடத்து எண் என்று தெரியவில்லை.

சார், 32 செல்லுக்குள் ஒரு மாணவரின் பெயரும் ஐந்து பாடமும் அடங்காது. நான் செய்வது: ஒரு மாணவருக்கு ஒரு வரி, எண்ணுக்கு முன்னால் பாடத்தின் முதல் எழுத்து. 'த72 ஆ65 க80' என்று சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் அடித்துக்கொண்டு, கடைசியில் கணினியில் எக்செல்லுக்கு மாற்றுவேன். சுற்றுவழிதான், ஆனால் தவறு வராது. மென்பொருள் நினைத்தால் இதை எளிதாகத் தீர்க்கலாம். வரியின் முதல் ஆறு செல்லைத் தலைப்புக்கு ஒதுக்கி, நெடுவரிசை மாறும்போதெல்லாம் அதையும் மாற்றிக் காட்டினால் போதும்.

கடலூர் முதுநகர்: புயல் வந்து கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

2011 டிசம்பர் 30 'தானே' புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பல நாள் இருட்டு. அந்த அனுபவத்தால் இப்போதெல்லாம் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை நோட்டேக்கருக்கும் பவர் பேங்குக்கும் முழு சார்ஜ். முக்கியமான கோப்புகளை எஸ்டி கார்டிலும் ஒரு பிரதி வைப்பேன். கிளவுடில் மட்டும் வைத்தால் நெட் இல்லாத நாளில் கைக்கு வராது. சார்ஜ் குறைந்தால் குரலை அணைத்துவிட்டுப் பிரெய்ல் வரியை மட்டும் வையுங்கள்.

லாஸ்பேட்டை, மென்பொருள் எழுதுபவர்: எனக்குப் பார்வை உண்டு, பிரெய்ல் தெரியாது. இந்த ஆப்களை மேம்படுத்த உதவ ஆசை. எங்கே தொடங்குவது அக்கா?

தம்பி, இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

என் விரலடியில் இருக்கும் வரியை என்னைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கூட்டத்தில் குரலை அணைத்துவிட்டு ஒரு போன் நம்பரைத் தடவிக்கொண்டிருக்கிறேன். ஆறாவது எண்ணில் விரல் இருக்கும்போது திடீரென்று வரி சரிந்து 'பேட்டரி 20 சதவீதம்' என்று எழும்பும். மூன்று நொடியில் அதுவும் போய், கோப்பின் வேறு இடத்தில் நிற்கும். திரையில் ஓரமாகத் தோன்றும் அறிவிப்புக்கு எனக்கு ஓரம் கிடையாது. இருப்பது ஒரே வரி. ஒரு சிறு அதிர்வு கொடுங்கள், செய்தியை நானே போய்ப் படிக்கிறேன். படித்து முடித்ததும் அதே எண்ணில் கொண்டுவந்து விடுங்கள்.

இரண்டாவது, தமிழ் மெய்யெழுத்தின் தலையில் வரும் புள்ளி. 'அம்மா' என்பதற்கு நான் அடிப்பது: 1, பிறகு 4, பிறகு 1-3-4, மறுபடி 1-3-4, கடைசியில் 3-4-5. புள்ளிக்கான 4 மெய்யெழுத்துக்கு முன்னால் வருகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடிலோ முதலில் ம, அதன் பின்னால்தான் புள்ளி. ஆகவே 4 அடித்தவுடன் எழுத்தைத் திரையில் தள்ளிவிட முடியாது, அடுத்த செல் வரும்வரை காத்திருக்கணும். ஒவ்வொரு செல்லையும் உடனே எழுத்தாக்கும் எடிட்டரில்தான் தமிழ் உடைகிறது. அழிக்கும்போதும் அப்படித்தான். நான் ஒரு செல்லை அழித்தால் எழுத்து போகணுமா, புள்ளி மட்டும் போகணுமா? இதை முடிவு செய்யாமல் எழுதிய ஆப் எங்களுக்கு உதவாது.

மூன்றாவது, வேகம். 1987-ல் டீன் பிளேசி கொண்டுவந்த 'பிரெய்ல் அண்ட் ஸ்பீக்' கருவியில் பிரெய்ல் வரியே கிடையாது, ஏழு விசைகளும் குரலும்தான். ஆனால் சுவிட்சைப் போட்டதும் எழுதத் தொடங்கலாம். இன்றைய கருவிகள் பல ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன, ஆப்கள் நிறைய. இருந்தும் யாராவது வாசலில் நின்று ஒரு முகவரி சொன்னால், மெனுவுக்குள் இறங்கி ஏறி நான் எடிட்டரைத் திறப்பதற்குள் அவர் கிளம்பிவிடுகிறார். ஒரு விசை, உடனே வெற்று வரி. புதிதாகப் பத்து ஆப் சேர்ப்பதைவிட எனக்கு அது பெரிது.

தொடங்க வேண்டிய இடம் லிப்லூயி. பிரெய்ல் மொழிமாற்றம் செய்யும் திறந்த மூல நிரல் அது. திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்குத் தரும் மென்பொருள்களான என்விடிஏ (NVDA), டாக்பேக், பிஆர்எல்டிடிஒய் (BRLTTY) மூன்றுமே அதைப் பயன்படுத்துகின்றன. அதில் தமிழ் டேபிளும் இருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல், அதற்குரிய செல்கள் என்று சோதனை வரிகளை எழுதிச் சேர்க்கலாம். அங்கே ஒரு பிழை திருந்தினால், அதை எடுத்துக்கொள்ளும் எல்லாக் கருவிக்கும் போய்ச் சேரும். செல்களைச் சரிபார்க்க நாங்கள் இருக்கிறோம்.

நெல்லிக்குப்பம், வங்கி ஊழியர்: நோட்டேக்கர் கம்பெனிக்கு நாலு மெயில் போட்டேன். 'தமிழ் சரியாக வரவில்லை' என்று எழுதியும் பதிலே இல்லை மேடம்.

அந்த வரியை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது சார். இப்படி எழுதுங்கள்: கருவியின் மாடல், மென்பொருள் பதிப்பு, டேபிளின் பெயர். அடுத்து, நான் அடித்த செல்கள்: 1234, 12356, 4, 134. வர வேண்டியது: பழம். வந்தது என்னவோ அதை அப்படியே ஒட்டுங்கள். ஒரு மெயிலுக்கு ஒரு குறை மட்டும். அனுப்புமுன் எனக்கு ஒரு நகல் போடுங்கள். அதே செல்களை என் மெஷினில் அடித்துப் பார்த்து, எனக்கு என்ன வந்தது என்பதையும் சேர்த்துத் தருகிறேன்.