“எங்க இனத்து ஜீன் அப்படி” என்கிறார் கணவர், உண்மையா?

கேள்வி: நான் தமிழ்ப்பெண், கணவர் பசிபிக் தீவு நாடான சமோவாக்காரர். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கிறோம். அவருக்கு வயது 41, உயரம் 178 செ.மீ. பத்து வருஷத்துக்கு முன்பு, கல்யாணத்தின்போது 96 கிலோ, இப்போது 118. சர்க்கரை இல்லை. எடையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “எங்க இனத்து ஜீன் அப்படி, ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார். உண்மையா? இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது வருமா?

பதில்: உங்கள் கணவர் கற்பனையாகச் சொல்லவில்லை. சமோவா மக்கள் 3,072 பேரின் மரபணுக்களை அலசிய ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. சிஆர்இபிஆர்எஃப் என்ற ஜீனில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதும், அதற்கும் உடல் எடைக்கும் தொடர்பு இருப்பதும் அதில் தெரிய வந்தன. பசிபிக் தீவு மக்களைத் தவிர மற்ற இனங்களில் இந்த மாற்றம் மிக மிக அபூர்வம். சமோவாவிலோ ஏறக்குறைய 100-க்கு 45 பேரிடம் மாறிய ஜீனின் ஒரு பிரதியாவது இருக்கும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பிரதிக்கு பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) சுமார் 1.4 கூடுகிறது. 178 செ.மீ. உயரத்துக்கு அது நாலரை கிலோ. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்திருந்தால்கூட ஒன்பது கிலோ. அவருக்கு ஏறியிருப்பதோ 22 கிலோ. அதோடு, இந்த ஜீன் பிறவியிலேயே வருவது. 96 கிலோவாக இருந்தபோதும் அது அவர் உடம்பில்தான் இருந்தது. சமோவாவிலேயே, பாலினேசியர்களுக்கான (சமோவா உள்ளிட்ட பசிபிக் தீவு மக்கள்) அளவுகோலின்படி எடை மிகுந்த ஆண்கள் 2003-ல் 68 சதவீதம், 2010-ல் 80. ஏழு வருஷத்தில் ஒரு நாட்டு மக்களின் ஜீன் மாறாது. மாறியது சாப்பாடும் உழைப்பும்தான். கப்பலில் வந்திறங்கும் கொழுப்பான வான்கோழி வால் இறைச்சியை அந்த அரசு 2007-ல் தடை செய்து, உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பின் 2013-ல் அந்தத் தடையை விலக்கிக்கொள்ள வேண்டி வந்தது. எனக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி அது.

இந்த ஜீனுக்கு இன்னொரு முகமும் உண்டு. எடையைக் கூட்டுகிற இதே மாற்றம் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருக்கிறது. உயரமும் தசையும் சற்றுக் கூடுதல் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. பாலினேசியர்களுக்கு பிஎம்ஐ 26-க்கு மேல் அதிக எடை, 32-க்கு மேல் உடல்பருமன் என்று வைத்திருப்பதும், அவர்கள் உடல்வாகில் தசையின் பங்கு அதிகம் என்பதால்தான். அந்தக் கணக்கில் கல்யாணத்தின்போது அவர் 30. பயப்படும் நிலை இல்லை. இப்போது 37. இதைத் தசை என்று சொல்லிவிட முடியாது.

ஜீன் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். முடிவு எதுவானாலும் என் ஆலோசனை மாறாது. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரகச் செயல்பாடு, யூரிக் அமிலம் இவற்றை வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். யூரிக் அமிலம் கூடுவதால் வரும் கவுட் மூட்டுவலி, அங்குள்ள பசிபிக் ஆண்களிடம் மிக அதிகம். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இப்போதைக்கு ஆறு கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தத்தில் பலன் தெரியும்.

சாப்பாட்டில் அவருடைய ஊர்ப்பழக்கத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஞாயிறு சர்ச் முடிந்து சொந்தபந்தம் கூடிச் சாப்பிடும் தோஓனாய் விருந்தை நிறுத்தச் சொன்னால், அவர் உங்களிடமிருந்துதான் விலகுவார். கல் அடுப்பில் சுட்ட சேப்பங்கிழங்கும் மீனும் தாராளமாக இருக்கட்டும். சேப்ப இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் பலுசாமி என்ற பண்டம், ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கட்டும். கை வைக்க வேண்டியது மற்ற ஆறு நாட்களில்: டின் மாட்டிறைச்சி, நூடுல்ஸ், குளிர்பானம். முதலில் குளிர்பானத்தை வீட்டுக்குள் வாங்கி வருவதை நிறுத்துங்கள். பழைய நண்பர்களோடு ரக்பி பயிற்சிக்கோ எடைதூக்கும் பயிற்சிக்கோ அவர் திரும்பப் போனால் மிகவும் நல்லது.

பையன்களைப் பற்றி: கணவரிடம் ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு பையனுக்கும் அது வர பாதி வாய்ப்பு, இரண்டும் இருந்தால் இருவருக்கும் ஒன்று நிச்சயம். வந்தாலும் மேலே சொன்ன நாலைந்து கிலோதான். “நம் ரத்தமே குண்டு” என்ற பேச்சு மட்டும் அவர்கள் காதில் விழ வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. நீங்கள் உங்கள் எடையை எழுதவில்லை. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்முடையது. அந்த வீட்டில் சர்க்கரை உங்களுக்கு முதலில் வரலாம். அவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் அன்றே நீங்களும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.