தராசில் ஏறிய நாட்டாமி

கேள்வி: புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் அப்பாவின் மொத்த வியாபாரக் கடையில் நிற்கிறேன். எங்கள் பழைய டிஜிட்டல் தராசின் பின்னால் ஒன்பது முள் போர்ட் ஒன்று இருக்கிறது. யூஎஸ்பி வயர் வாங்கி மடிக்கணினியில் கொழுவி, போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும் புட்டி (PuTTY) புரோகிராமில் 9600 வேகம் போட்டேன். தராசில் பிரிண்ட் பட்டனை அமத்தினால் நிறை வருகிறது, ஆனால் அரைகுறையாக. 50.30 சரியாக வந்தது. 24.70 என்றால் புள்ளியும் கடைசி சைபரும் மட்டும் தெரிகின்றன, மற்றதெல்லாம் கேள்விக்குறிக் கட்டங்கள். வரிகளும் படிக்கட்டு மாதிரிச் சரிந்து போகின்றன. தராசு பழுதா, ஐயா? வேறு புரோகிராம் போடவா?

பதில்: இரண்டும் வேண்டாம், தம்பி. விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வேகம் பிழை என்றால் ஒரு எழுத்தும் தேறாது, முழுக்கக் குப்பைதான் வரும். உங்களுக்கு 0, 3, 5 சரி, 2, 4, 7 பிழை. இப்படித் தெரிந்தெடுத்துக் குழப்புவது பாரிட்டியின் வேலை.

ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். வயரில் 5 என்ற எழுத்து 0110101 ஆகப் போகிறது. அதில் நாலு ஒன்றுகள். 4 என்பது 0110100, மூன்று ஒன்றுகள். உங்கள் தராசு இப்படி ஏழு பிட், அதாவது ஏழு 0 அல்லது 1, அனுப்பி, ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையாக வரும்படி எட்டாவதாக ஒரு காவல் பிட்டைச் சேர்க்கிறது. அதுதான் பாரிட்டி. 5-க்கு அது 0, ஆகவே கரைச்சல் இல்லை. 4-க்கு அது 1. எட்டு பிட்டும் சரக்கு என்று நினைத்திருக்கும் புட்டி அதையும் கூட்டி வாசிக்கிறது. சீனி மூட்டையோடு அதைத் தூக்கி வந்த நாட்டாமியையும் தராசில் ஏற்றி நிறை பார்த்த கதைதான்.

படிக்கட்டும் இதனால்தான். வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு என்று சொல்லும் குறி 13, வயரில் 0001101, அதில் மூன்று ஒன்றுகள், ஆகவே கெட்டுப்போகிறது. கீழே இறங்கு என்று சொல்லும் 10 வயரில் 0001010, அதில் இரண்டே ஒன்றுகள், அது தப்பிவிடுகிறது. திரும்பாமல் இறங்கினால் வரி வேறு எப்படிப் போகும்?

சரி, வைத்தியம். புட்டியின் இடப்பக்கப் பட்டியலில் கனெக்ஷன் என்பதன் கீழே சீரியல் என்று இருக்கும். அதில் டேட்டா பிட் 7, ஸ்டாப் பிட் 1, பாரிட்டி ஈவன். ஃபுளோ கன்ட்ரோலில் அதுவாகவே எக்ஸான்/எக்ஸாஃப் நிற்கும், அதை நன் என்று மாற்றுங்கள். பிறகு செஷன் பக்கத்துக்கு வந்து ஒரு பெயர் போட்டுச் சேமியுங்கள், இல்லாவிட்டால் நாளைக் காலை திரும்பவும் முதலிலிருந்து. சோதிக்க 50 கிலோ மூட்டையை வைக்க வேண்டாம், அது முன்பும் சரியாகத்தானே வந்தது. 1, 2, 4, 7, 8 வருகிற நிறையாகப் பார்த்து வையுங்கள்.

வெள்ளவத்தையில் ஒரு கடையில் இதே குழப்பத்துக்கு நான் மூன்று வயர் மாற்றியவன். பாரிட்டியைப் பார்க்க வேண்டும் என்ற புத்தி நாலாவது வயருக்குப் போகும் வழியில்தான் வந்தது.

புரோகிராமை மாற்றாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்பி காலத்தில் விண்டோஸோடு இதே வேலையைச் செய்யும் ஹைப்பர் டெர்மினல் வந்தது. 2007-இல் விஸ்டா கடைக்கு வந்தபோது அதைக் காணவில்லை. அதே வருஷம்தான் புட்டியின் 0.59 பதிப்பில் சீரியல் வசதி சேர்ந்தது. ஒற்றைக் கோப்பு, பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம், இன்ஸ்டால் செய்யக்கூடத் தேவையில்லை. கடை வேலைக்கு இது தாராளம்.

அப்புறம், பில் போடும் மென்பொருளைத் தராசோடு இணைக்கும் நாளில் புட்டியை முதலில் மூடிவிடுங்கள். தராசு கொழுவியிருப்பது போன்ற ஒரு கொம் (COM) போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடித்துவைத்திருக்கலாம். மூட மறந்தால் தராசு பழுதா என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.