கேள்வி – பதில்: 'ரிஜெக்டட்' என்று மட்டும் சொன்னால் போதுமா?

கேள்வி: நான் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. நால்வர் சேர்ந்து செய்யும் திட்டப்பணிக்கு, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து பகிர உதவும் கிட் கருவியைப் பயன்படுத்துகிறோம். சென்ற வாரம் என் கமிட்டுகளை, அதாவது பதிந்த மாற்றங்களை, சர்வருக்குப் புஷ் செய்தபோது (அனுப்பியபோது) 'ரிஜெக்டட்' (மறுக்கப்பட்டது) என்று வந்தது. கருவி சொன்னபடி புல் செய்தேன். அதுவும் 'ஃபேட்டல்' என்று நின்றுவிட்டது. பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு, மறுப்பை மீறி அனுப்பும் ஃபோர்ஸ் சேர்த்துப் புஷ் செய்தேன். தோழியின் இரண்டு நாள் வேலை சர்வரிலிருந்து மறைந்துவிட்டது. செய்தியைச் சரியாகப் படிக்காதது என் தவறா, புரியும்படி சொல்லாதது கருவியின் தவறா?

பதில்: தவறு யாருடையது என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் தோழியின் வேலையை மீட்டுவிடுங்கள். அது தொலையவில்லை. தோழியின் கணினியில் அவருடைய கமிட்டுகள் அப்படியே இருக்கும். அதுமட்டுமன்று, உங்கள் கணினியிலும் அவை இருக்கின்றன. புல் என்பது இரண்டு வேலைகளின் தொகுப்பு: முதலில் சர்வரில் உள்ளவற்றை எடுத்துவரும், பிறகு உங்களுடையவற்றோடு இணைக்கும். உங்களுக்கு நின்றுபோனது இரண்டாவது வேலைதான். முதல் வேலை அதற்குள் முடிந்துவிட்டது. சர்வர் கிளையின் (கமிட்டுகள் அடுத்தடுத்துச் சேரும் வரிசையின்) முந்தைய நிலை, கிளைகளின் பழைய நிலைகளைக் குறித்துவைக்கும் ரெஃப்லாகில் உங்கள் கணினியில் பதிவாகியிருக்கும். எந்தக் கிளையிலும் சேராத கமிட்டுகளுக்கான ரெஃப்லாக் பதிவை, அமைப்புகள் மாற்றப்படாத கிட் 30 நாட்கள் வைத்திருக்கும் என்பதால், உங்களுக்குப் போதிய அவகாசம் உண்டு. அந்த நிலையிலிருந்து ஒரு புதிய கிளையை உண்டாக்கி, உங்கள் வேலையோடு இணைத்துப் புஷ் செய்யுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் முதலில் பார்த்த செய்தி பழைய பதிப்புகளில் மிகவும் சுருக்கமாக இருந்தது. கிளையின் பெயர், அதன் அருகே 'நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்' (சர்வரில் இருப்பதன் நேர்த்தொடர்ச்சியன்று) என்ற கலைச்சொல், 'சில ரெஃப்களை (கிளைப் பெயர்களை) புஷ் செய்ய முடியவில்லை' என்ற ஒரு வரி, அவ்வளவுதான். இப்போதைய பதிப்புகள் 'ஹின்ட்' என்று தொடங்கும் வரிகளில், உங்களிடம் இல்லாத வேலை சர்வரில் இருக்கிறது என்றும், வேறொருவர் அதே கிளைக்குப் புஷ் செய்திருப்பதே பெரும்பாலும் காரணம் என்றும், முதலில் புல் செய்யுங்கள் என்றும் விளக்குகின்றன. இது பெரிய முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த அறிவுரையைப் பின்பற்றியபோதுதான் நீங்கள் இரண்டாவது சுவரில் மோதினீர்கள். இரு பக்கமும் பிரிந்து வளர்ந்த கிளைகளைப் புல் செய்யும்போது கிட் தானாகவே மெர்ஜ் செய்வதுதான் (இரண்டையும் ஒரு புதிய கமிட்டில் இணைப்பதுதான்) வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 2020 ஜூனில் வந்த 2.27 பதிப்பு இதைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் வந்த 2.33 பதிப்பிலிருந்து, எப்படி இணைப்பது என்று பயனர் முன்பே சொல்லாவிட்டால் கட்டளை பிழையோடு நின்றுவிடுகிறது. மெர்ஜ், ரீபேஸ் (உங்கள் கமிட்டுகளைச் சர்வரில் உள்ளவற்றின் மேல் அடுக்குவது), ஃபாஸ்ட் ஃபார்வர்ட் மட்டும் (கிளைகள் பிரியாதபோது மட்டும் முன்னேறுவது) என்ற மூன்று அமைப்பு வரிகளை அந்தச் செய்தி பட்டியலிடுகிறது. மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவருக்கு அது போதும். அறியாத மாணவிக்கோ அது தேர்வறையில் எதிர்பாராமல் வந்த வினா. என்ன தேர்ந்தெடுத்தாலும் தன் வேலைக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் இருப்பவர், எந்தக் கேள்வியும் கேட்காத ஒரே கட்டளையான ஃபோர்ஸிடம் போய்ச் சேர்வதில் வியப்பில்லை. ஆகவே உங்கள் மீது முழுப் பழியையும் நான் சுமத்த மாட்டேன்.

அந்த இடத்தில் கருவி என்ன சொல்லியிருக்கலாம்? புஷ் மறுக்கப்பட்ட கணத்தில், சர்வரில் இருப்பது யாருடைய வேலை என்பது உங்கள் கணினியில் உள்ள கிட்டுக்கே தெரியாது; அந்தக் கமிட்டுகள் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் புல் நின்றுபோன கணத்தில் அவை வந்துவிட்டன. உங்களிடம் எத்தனை கமிட்டுகள், சர்வரில் எத்தனை என்ற கணக்கைக் 'கிட் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை அப்போதே சொல்லும். அந்தக் கணக்கு பிழைச் செய்தியில் வந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. 'உங்களிடம் 2 கமிட்டுகளும் சர்வரில் 3 கமிட்டுகளும் தனித்தனியே உள்ளன. சர்வரில் இருந்தவை உங்கள் கணினிக்கு வந்துவிட்டன. உங்கள் கோப்புகள் எதுவும் மாற்றப்படவில்லை. இரண்டையும் இணைக்கும் வழியை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால், நீங்கள் ஃபோர்ஸைத் தொட்டிருப்பீர்களா? என்ன நடந்தது என்பதற்கு அடுத்தபடியாக, தன் வேலை பத்திரமாக இருக்கிறதா என்பதைத்தான் பயனர் தேடுகிறார். பிழைச் செய்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

இதைச் சரியாகச் செய்த செய்தியும் கிட்டிலேயே இருக்கிறது. எந்தக் கிளையிலும் இல்லாத 'டிடாச்டு ஹெட்' நிலையில் கமிட் செய்துவிட்டு வேறு கிளைக்கு மாறினால், 'ஒரு கமிட்டை விட்டுச் செல்கிறீர்கள், அது உங்கள் கிளைகள் எதனோடும் இணைக்கப்படவில்லை' என்று எச்சரித்து, அந்தக் கமிட்டின் அடையாள எண்ணையும் சேர்த்து, அதைக் காப்பாற்றுவதற்கான கட்டளையையும் எழுதிக் காட்டுகிறது. எது ஆபத்தில் இருக்கிறது, எப்படி மீட்பது என்ற இரண்டும் அங்கே உள்ளன. அந்தக் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலும் எதுவும் அழியாது.

கேள்வி: பிழைச் செய்தியிலேயே தீர்வுக்கான கட்டளையைக் கொடுப்பது எப்போதும் நல்லதுதானே?

பதில்: எப்போதும் அன்று. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 பதிப்பு, வேறொரு பயனருக்குச் சொந்தமான அடைவில் (ஃபோல்டரில்) உள்ள ரெப்பாசிட்டரியில் (கிட் பராமரிக்கும் திட்டத் தொகுப்பில்) இயங்க மறுக்கத் தொடங்கியது. பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியில், மற்றொருவர் வைத்துவிட்டுப் போன அமைப்புக் கோப்பு உங்கள் பெயரில் கட்டளைகளை இயக்கிவிடலாம் என்பதே அதற்குக் காரணம். செய்தியோ, 'இந்த அடைவு வேறொருவருக்குச் சொந்தமானது' என்று சொல்லிவிட்டு, விலக்கு அளிக்கும் கட்டளையை உடனே எழுதிக் காட்டியது. காரணத்தை அறியாத பலர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினார்கள். அடுத்த பதிப்பில் எல்லா அடைவுகளுக்கும் சேர்த்து விலக்கு அளிக்க நட்சத்திரக் குறியும் அனுமதிக்கப்பட்டது. பாதுகாப்பையே அணைத்துவிடும் அந்த வரியும் பரவியது. காப்பாற்றும் கட்டளையைத் தயங்காமல் கொடுக்கலாம். காவலை நீக்கும் கட்டளையைக் கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன் அடைவின் உரிமையாளர் யார், இப்போது இயக்குபவர் யார் என்பதைக் காட்டி, அந்த உரிமையாளரை நம்புகிறீர்களா என்று பயனரைச் சிந்திக்க வைக்க வேண்டும். விண்டோஸில் பின்னர் வந்த பதிப்புகள் அந்த இரு பெயர்களையும் காட்டுகின்றன. அது சரியான திசை.

கேள்வி: கிட்டின் பிழைச் செய்திகளைத் திருத்த நானும் பங்களிக்க விரும்புகிறேன். வாக்கியத்தை மாற்றி அனுப்பினால் ஏற்பார்களா?

பதில்: அனுப்புங்கள், ஆனால் முன்பு அவர்களுடைய நிரல் எழுதும் நெறிமுறைக் கோப்பைப் படியுங்கள். பிழைச் செய்திக்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. ஒரே வாக்கியமாக உள்ள செய்தியின் இறுதியில் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது, முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கக் கூடாது, கோப்பின் பெயரை முன்னே போடாமல் பிழை இன்னதென்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று அது கேட்கிறது. செய்திகளின் வாசகத்தைச் சரிபார்க்கும் சோதனைகளும் நிறைய உள்ளன. நீங்கள் ஒரு சொல்லை மாற்றினால் அவற்றையும் திருத்த வேண்டியிருக்கும். வெளியே யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) அந்தப் பழைய சொல்லைத் தேடிக்கொண்டிருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். புதிய விளக்கத்தைப் பிழை வரியில் திணிக்காமல் ஹின்ட் வரிகளில் சேர்ப்பது நல்லது. அனுபவசாலிகள் அவற்றை அமைப்பின் மூலம் அணைத்துக்கொள்ளலாம். புதியவருக்கு அவை நிற்கும்.

கேள்வி: பிழைச் செய்திகள் தமிழில் வந்தால் இந்தச் சிக்கல் தீருமா?

பதில்: புரிதல் எளிதாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை, நான் அதை விரும்புகிறேன். 2012 தொடக்கத்தில் வந்த 1.7.9 பதிப்பிலிருந்து கிட்டின் செய்திகளை மொழிபெயர்க்க வழி இருக்கிறது. ஆனால் ஒரு நடைமுறை இடர் உண்டு. மொழிபெயர்க்கப்பட்ட செய்தியை இணையத்தில் தேடினால், ஆங்கிலச் செய்தியைச் சுற்றி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விடைகள் கிடைக்காமல் போகும். கிட் போன்ற மற்றொரு கருவியான சப்வெர்ஷன் இதற்கு ஒரு நல்ல தீர்வைக் கையாள்கிறது: 2011-இல் வந்த 1.7 பதிப்பு முதல் அதன் பிழைகள் 'இ155007' போன்ற எண்ணோடு வருகின்றன. செய்தி எந்த மொழியில் இருந்தாலும் எண் மாறாது. அதை வைத்துத் தேடலாம். கிட்டில் அத்தகைய எண்கள் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. அவை வரும்வரை, எல்சி_ஆல் (LC_ALL) என்ற சூழல் மாறியில் 'சி' என்று வைத்து அதே கட்டளையை மீண்டும் இயக்கினால் ஆங்கிலச் செய்தி கிடைக்கும்.

கேள்வி: எங்கள் அலுவலக சர்வர் சில புஷ்களை 'ப்ரீ-ரிசீவ் ஹுக் டிக்ளைண்ட்' என்று மட்டும் சொல்லி மறுக்கிறது. இதற்கும் கிட்டைத்தான் குறைசொல்ல வேண்டுமா?

பதில்: இல்லை. அந்த ஹுக், புஷ்ஷை ஏற்பதற்கு முன் சர்வர் இயக்கிப் பார்க்கும்படி உங்கள் அலுவலகத்தில் யாரோ எழுதிய ஸ்கிரிப்ட். அது அச்சிடும் ஒவ்வொரு வரியும் 'ரிமோட்' என்ற முன்னொட்டோடு புஷ் செய்தவரின் திரையில் தோன்றும்; அந்த ஸ்கிரிப்ட் எதையும் அச்சிடாததால்தான் உங்களுக்கு மறுப்பு மட்டும் தெரிகிறது. எந்தக் கமிட், எந்த விதியை மீறியது, எதை மாற்றிவிட்டு மீண்டும் அனுப்ப வேண்டும், விதியில் ஐயம் இருந்தால் எந்தக் குழுவைக் கேட்க வேண்டும் என்ற நான்கு வரிகளை அந்த ஸ்கிரிப்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அவற்றைத் தமிழிலும் எழுதலாம்.