18446744073709551615: பேனாவும் தாளும் போதும்

உங்களுக்குப் பிடித்த பெரிய முழு எண் எது, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு 18446744073709551615. அதாவது 2⁶⁴ − 1. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து வரும் மொத்தம். 1,84,467 கோடி கோடிக்கும் மேல். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னை இழுத்தது அந்த எண்ணின் உள்ளே இருப்பது.

20 இலக்க எண்ணைக் காரணிப்படுத்தச் சொன்னால் யாருக்கும் மலைப்பாக இருக்கும். இதற்கோ பள்ளியில் படித்த ‘இரு வர்க்கங்களின் வித்தியாசம்’ சூத்திரமே போதும். முதலில் (2³² + 1)(2³² − 1). இரண்டாவது அடைப்பை மறுபடி அதேபோல் உடைக்கலாம். உடைத்துக்கொண்டே போனால்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் (2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1 என்று போவது) வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். ஆறாவது எண் பகா எண் இல்லை, 641 அதை வகுக்கும் என்று 1732இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் காட்டினார்.

கணினி இல்லாமல் 641ஐ எப்படிப் பிடிப்பது? 4294967297இன் எந்தப் பகாக் காரணியை எடுத்தாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். இதை நிறுவியவரும் ஆய்லர்தான். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் சிக்கிவிடும்! நான் ஒருநாள் கோடு போட்ட நோட்டில் இந்த ஐந்தையும் நீள் வகுத்தலில் போட்டுப் பார்த்தேன். நான்கு முறை மீதி வந்தது. ஐந்தாவதில் ஈவு 6700417, மீதி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

வகுக்காமலும் பார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. 5 × 2⁷ என்பது 641க்கு ஒன்று குறைவு; அதனால் அதை 641ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸க்கு மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 5⁴ + 2⁴, ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ஐப் போடலாம். −2³²க்கு மீதி 1 என்று வரும். அப்படியானால் 2³² + 1க்கு மீதி பூஜ்யம். இரண்டே வரி!

6700417உம் பகா எண்தான். ஆக மொத்தம் ஏழு பகாக் காரணிகள், 128 வகுத்திகள்.

இன்னொன்று. 1796இல், 18 வயதில், 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம் என்று கணித மேதை காஸ் கண்டுபிடித்தார். அந்த 17 மேலே இருக்கும் அதே 17. மேலே உள்ள பெருக்கலின் முதல் ஐந்து பகா எண்களைப் (3, 5, 17, 257, 65537) பெருக்கினால் 4294967295. 1ஐ விட்டுவிட்டால் அதற்கு 31 வகுத்திகள். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு, இப்படி வரையமுடியும் என்று இதுவரை தெரிந்த ஒழுங்குப் பலகோணங்களும் சரியாக 31தான்: முக்கோணத்தில் தொடங்கி 4294967295 பக்க உருவம் வரை.